வெரெஃப்கின் ஏன் பத்து ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை?

"காதலனுக்காகப் பத்து வருடம் ஓவியமே வரையாமல் இருந்த ரஷ்யப் பெண்மணி மரியான்னெ வெரெஃப்கின் என்று எங்கோ படித்தேன். இது உண்மையா? உண்மை என்றால், அவர் வாழ்க்கையைப் பாழாக்கியது அந்த ஆள்தானே?" இதுதான் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் உண்மையிலேயே வரைவதை நிறுத்தினாரா என்பது ஒன்று. அதற்குக் காதல்தான் காரணமா என்பது இன்னொன்று. வெளிப்படையாகக் கேட்கப்படாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: அவரை ஓர் ஓவியராக நினைக்க வேண்டுமா, அல்லது இன்னொரு ஓவியரின் கதையில் வந்துபோன பாவப்பட்ட பெண்ணாகவா? முதலாவதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், 1896 முதல் 1906 வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் ஓவியத் தொழிலை ஒதுக்கி வைத்திருந்தார். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நான் ஓவியம் படித்தவன், பிறகு பல ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கலை வரலாறு சொல்லிக்கொடுப்பவன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. வெரெஃப்கினின் குறிப்பேடுகள் பிரெஞ்சில் எழுதப்பட்டவை; அவற்றில் அச்சான பகுதிகளைத்தான் படித்திருக்கிறேன். அதனால் அவருடைய குடும்பம், ரஷ்ய அரசு தொடர்பான விஷயங்களில் மற்ற ஆய்வாளர்களை நம்பித்தான் பேசுகிறேன். ஓவியங்களைப் பற்றிச் சொல்வது என் கண்ணையும் கையையும் நம்பிச் சொல்வது.

வெரெஃப்கின் 1860இல் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள தூலா நகரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் ஜெனரல். அம்மாவுக்கு ஓவியம் வரையத் தெரியும். மகளின் திறமையைச் சிறு வயதிலேயே கவனித்துப் பாடத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். அப்பா பிற்பாடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பீட்டர்-பால் கோட்டைக்குத் தளபதியானார். அரசியல் கைதிகளை அடைத்து வைத்த அதே கோட்டைதான். அங்கே தளபதியின் மகளுக்கென்று தனி ஓவியக்கூடம் இருந்தது. இன்றைய லித்துவேனியாவில் குடும்பத்துக்குப் பண்ணை நிலமும் மாளிகையும் இருந்தன. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பணமும் அந்தஸ்தும் எங்கே வந்தன, எங்கே போயின என்று பார்க்காமல் அந்தப் பத்து ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆசிரியர் யார் என்பதும் முக்கியம். இல்யா ரேப்பின், அன்றைய ரஷ்யாவின் மிகப் பெரிய யதார்த்தவாத ஓவியர். அவரிடம் வெரெஃப்கின் பல ஆண்டுகள் தனிப் பயிற்சி பெற்றார். இருட்டுப் பின்னணி, அதிலிருந்து மெல்ல எழுந்து வரும் முகம், கனமான எண்ணெய் வண்ணம், சுருக்கம் விழுந்த கைகள் என்று ஆசிரியரின் பாணியில் தேர்ந்தார். இருட்டிலிருந்து எழும் முகங்களுக்குப் பேர்போன பழைய டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் நினைவாக, 'ரஷ்யாவின் ரெம்ப்ராண்ட்' என்ற பெயர் இந்தக் காலத்தில்தான் அவருக்கு வந்தது. அப்படிப் பெயர் வாங்கும்போது அவருக்கு முப்பது வயதுகூட முழுதாகத் தாண்டவில்லை.

நடுவில் ஒரு விபத்து. 1888இல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து அவருடைய வலது கையைத் துளைத்துவிட்டது. வரைகிற கை. காயம் ஆறிய பிறகும் கை பழைய நிலைக்கு வரவில்லை. தூரிகை பிடிக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. பொறுமையாகப் பழகி மறுபடியும் வரைந்தார். அதே ஆண்டு ரேப்பின் தன் மாணவியை ஓவியமாக வரைந்திருக்கிறார். அது இன்று ஜெர்மனியின் வீஸ்பாடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தச் சம்பவத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1896இல் தூரிகையைக் கீழே வைத்த பெண் எளிதில் தளர்ந்துபோகிற ஆள் இல்லை. கை போன பிறகே வரைவதை விடாதவர், காதல் வந்ததும் விட்டுவிட்டார் என்ற கதை எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை.

சரி, அந்த ஆள் யார்? அலெக்ஸெய் யாவ்லென்ஸ்கி. ராணுவ அதிகாரி, வெரெஃப்கினைவிட நான்கைந்து வயது இளையவர். வேலைக்கு நடுவே ஓவியம் கற்றுக்கொண்டிருந்தார், ரேப்பினின் வட்டாரத்தில்தான் இருவரும் 1890களின் தொடக்கத்தில் சந்தித்தார்கள். அப்போது வெரெஃப்கின் பெயர் வாங்கிய ஓவியர். யாவ்லென்ஸ்கி இன்னும் கற்கிறவர். இந்த ஏற்றத்தாழ்வைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் அவர் அதிகப் புகழ் பெற்றதால், ஆரம்பத்திலும் அவரே பெரியவராக இருந்திருப்பார் என்று நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோம்.

1896இல் வெரெஃப்கினின் தந்தை இறந்தார். ஜெனரலின் மகள் என்ற முறையில் அவருக்கு ஜார் அரசின் ஓய்வூதியம் கிடைத்தது; ஆண்டுக்கு 7,000 ரூபிள் என்று சொல்லப்படுகிறது. அது வசதியாக வாழப் போதுமான தொகை. அதே ஆண்டு யாவ்லென்ஸ்கி ராணுவத்தை விட்டார். இருவரும் மியூனிக் நகருக்குப் போய், ஓவியர்களும் எழுத்தாளர்களும் நிறைந்திருந்த ஷ்வாபிங் பகுதியில், கீஸெலா தெரு 23ஆம் எண் வீட்டில் குடியேறினார்கள். வாடகை, சாப்பாடு, யாவ்லென்ஸ்கியின் படிப்பு, பயணம் எல்லாமே வெரெஃப்கினின் பணத்தில்தான். யாவ்லென்ஸ்கி அன்டோன் ஆஷ்பெ நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வெரெஃப்கின் வரைவதை நிறுத்தினார்.

இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. திருமணமானால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதுதான் காரணம் என்று பெரும்பாலும் எழுதுவார்கள். மணமாகாத மகளுக்கான ஓய்வூதியம் என்பதால் அது நம்பக்கூடியதே. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. குறிப்பேடுகளில் வெரெஃப்கின் இந்த உறவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால், அவர் தேடியது கணவரை இல்லை என்றே தோன்றுகிறது. தான் கனவு கண்ட கலையைச் செய்து காட்டக்கூடிய ஒரு கையை அவர் தேடிக்கொண்டிருந்தார். யாவ்லென்ஸ்கியைப் பெரிய ஓவியராக ஆக்குவதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

இதில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. ஹெலெனெ என்ற பணிப்பெண், சிறுமியாக இருந்தபோதே வெரெஃப்கினின் வீட்டுக்கு வந்து அவரோடு மியூனிக் போனவர். 1902 ஜனவரியில் அவருக்கும் யாவ்லென்ஸ்கிக்கும் ஆண்ரேயாஸ் என்ற மகன் பிறந்தான். அப்போது ஹெலெனெவின் வயது என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. மிகவும் இளையவர் என்பதில் சந்தேகமில்லை. ஊர்வாய்க்குப் பயந்து, பையனை யாவ்லென்ஸ்கியின் அண்ணன் மகன் போலக் காட்டிப் பல ஆண்டுகள் ஒரே வீட்டில் நான்கு பேரும் வாழ்ந்தார்கள். செலவு வெரெஃப்கினுடையது. கேள்வி கேட்டவர் 'அந்த ஆள்' என்று எழுதும்போது வருகிற கோபம் எனக்கும் வருவதுண்டு. ஆனால் தேதியைப் பாருங்கள்: தூரிகையைக் கீழே வைத்தது 1896, இந்தத் துரோகம் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது. ஓவியத்தை நிறுத்தியதற்கு இது காரணமாக இருக்க முடியாது. அந்த வீட்டில் உண்மையில் யாருக்கும் குரல் இல்லாமல் போனது என்றால் அது ஹெலெனெவுக்குத்தான். அவரைப் பற்றி நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்படியானால் ஏன் நிறுத்தினார்? 1901 முதல் 1905 வரை அவர் எழுதிய குறிப்பேடுகள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. 'முகமறியாத ஒருவருக்குக் கடிதங்கள்' என்று அவற்றுக்குத் தலைப்பு. கற்பனையான ஒருவரோடு பேசுகிற தொனியில் எழுதப்பட்டவை. அவற்றில் இரண்டு எதிரெதிரான குரல்கள் கேட்கின்றன. ஒரு பக்கத்தில், தான் பெண், தன்னால் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முடியும், எதையும் படைக்க முடியாது என்று எழுதுகிறார். அந்தக் காலத்து ஐரோப்பா பெண்களின் தலையில் ஏற்றி வைத்த எண்ணம் அது. மியூனிக் கலைக் கழகம் அன்று பெண்களைச் சேர்க்கவில்லை, 1920 வரை அப்படித்தான். இன்னொரு பக்கத்தில், தான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, தான் தானே என்கிறார். இந்த இரண்டும் ஒரே மனத்தில் ஒரே சமயத்தில் இருந்திருக்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக் காட்டினால் தியாகக் கதை கிடைக்கும், இரண்டாவதை மட்டும் எடுத்தால் புரட்சிக் கதை கிடைக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் நான் படிக்கிறேன்.

அப்புறம், குறிப்பேடுகளில் பெரும்பகுதி காதலைப் பற்றியது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்ணம் எப்படி உணர்ச்சியாகிறது, கண்ணால் பார்த்ததை அப்படியே வரைவது ஏன் கலையாகாது, கலைஞரின் உள்ளம்தான் இயற்கைக்கு வடிவம் கொடுக்கிறது என்பதைப் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார். 1903இல் பிரான்சுக்குப் போய் அங்கே ஓவியத்தில் நடப்பதை நேரில் பார்க்கிறார். வீட்டில் தேநீர் மேசையைச் சுற்றி ஓவியர்கள், நடனக்காரர்கள், நடிகர்கள் என்று கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. 'புனித லூக்காவின் சகோதரத்துவம்' என்று அந்த வட்டத்துக்கு 1897இலேயே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். லூக்கா கிறித்தவ மரபில் ஓவியர்களின் காவலர். இந்த வரவேற்பறையைத்தான் பிற்பாடு மியூனிக் நவீன ஓவியம் தொடங்கிய இடங்களில் ஒன்றாக வரலாற்றில் எழுதினார்கள்.

என் கருத்து இது: ரேப்பினிடம் கற்ற ஓவியத்தை வெரெஃப்கின் முடித்துவிட்டார். அதற்கு மேல் போக அந்த வழியில் இடமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தது என்ன என்று அவருக்கு இன்னும் கண்ணில் படவில்லை. பயிற்சி பெற்ற கை ஓர் ஓவியரின் பெரிய பலம். வழி மாற நினைக்கும்போது அதே கை பெரிய எதிரி. சிந்திக்காமலே பழைய பாணியில் வரைந்துகொண்டே போகும். அதை நிறுத்த ஒரே வழி வரையாமல் இருப்பதுதான் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். மாணவர்களிடம் இந்தச் சிக்கலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மிகத் திறமையானவர்களுக்குத்தான் இது வரும். யாவ்லென்ஸ்கியை வளர்த்தெடுக்கும் ஆசையும், பெண்ணால் முடியாது என்ற எண்ணமும், இந்தக் கலைச் சிக்கலும் சேர்ந்துதான் அவரை நிறுத்தின என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் சொல்கிறேன். 'இதனால்தான் நிறுத்தினேன்' என்று அவரே ஒற்றைக் காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

ஆனால் இந்த ஊகத்துக்கு ஆதாரமாக ஒன்றைக் காட்ட முடியும்: திரும்பி வந்தபோது அவர் வரைந்த ஓவியங்கள். 1906, 1907 வாக்கில் அவர் மறுபடியும் வரையத் தொடங்கினார். எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு, நீரில் கரைத்துப் பூசுகிற, சீக்கிரம் காய்கிற வண்ணங்களான டெம்பராவையும் குவாஷையும் எடுத்துக்கொண்டார். துணிக்குப் பதில் அட்டை, அல்லது அட்டையில் ஒட்டிய காகிதம். தூரிகை பிடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். ஈரம் இருக்கும்போதே ஒரு நிறத்தை இன்னொன்றில் குழைத்து, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நழுவிப் போகலாம். ரேப்பினின் முகங்கள் எல்லாம் அந்தக் குழைவில் செய்தவை. டெம்பராவில் அது நடக்காது. சில நிமிடங்களில் காய்ந்துவிடும், அட்டை ஈரத்தை உறிஞ்சிவிடும், பளபளப்பும் இருக்காது. ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறத்தைத் தீர்மானமாக வைத்துவிட்டு நகர வேண்டும். பழைய கை வேலை செய்யவே முடியாத ஒரு பொருளை அவர் தேர்ந்தெடுத்தார். பத்து வருடம் தூங்கிக்கிடந்து எழுந்தவர் ரெம்ப்ராண்ட் பாணியைத்தான் தொடர்ந்திருப்பார். இவர் முதல் சில ஓவியங்களிலேயே முற்றிலும் வேறு ஆளாக வருகிறார்.

1907இல் வரைந்த 'இலையுதிர்காலம்' என்ற ஓவியத்தைப் பாருங்கள். 'பள்ளி' என்றும் அதைச் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகச் சாலையில் நடந்து போகிறார்கள். முகங்கள் இல்லை என்றே சொல்லலாம்; கறுத்த சிறு உருவங்கள், திரும்பத் திரும்ப வருகிற ஒரே வடிவம். அவற்றைச் சுற்றி நிலமும் மரமும் மலையும் தட்டையான நிறங்களில். 1910இல் வரைந்த 'கறுப்பு உடைப் பெண்கள்' ஓவியத்திலும் இதே முறைதான்: கறுப்பு உடுத்திய பெண்கள் வெள்ளை மூட்டைகளைச் சுமந்து போகிறார்கள், பின்னால் நீலமும் ஊதாவுமாக மலைப்பகுதி. மூட்டைகளின் வெள்ளைதான் முதலில் கண்ணில் அறைகிறது. சுமக்கிறவர்கள் அதற்கு அடியில் கரைந்துபோகிறார்கள். வேலை செய்கிற பெண்களை, நடந்துகொண்டே இருக்கிறவர்களை, வரிசையாகப் போகிறவர்களை அவர் கடைசிவரை வரைந்துகொண்டிருந்தார். அவருடைய வட்டத்தில் மற்றவர்கள் வண்ணத்தை விடுவிப்பதற்காக மனிதர்களைச் சிறிதாக்கிக்கொண்டும் நீக்கிக்கொண்டும் போனார்கள். வெரெஃப்கின் மனிதர்களை விடவே இல்லை.

மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற தன்னுருவ ஓவியம்தான் பலருக்கும் தெரிந்தது. 1910 வாக்கில், ஐம்பது வயதில் வரைந்தது. அச்சில் பார்க்கும்போது பெரிய ஓவியம் போலத் தெரியும். உண்மையில் 51 செ.மீ. உயரம், 34 செ.மீ. அகலம், கிட்டத்தட்ட ஒரு நாளிதழ்ப் பக்கம் அளவுதான். கழுத்தைத் திருப்பி நம்மை நேராகப் பார்க்கிறார். கண்மணிகள் சிவப்பு, வெண்விழி இருக்க வேண்டிய இடத்தில் பச்சை கலந்த நீலம். நிறங்களைத் தப்பாகப் போட்டதால் வந்த அதிர்ச்சி இல்லை இது. சிவப்பும் அந்த நீலமும் ஒன்றையொன்று தூண்டிவிடுகிற நிறங்கள். பக்கத்தில் வைத்தால் இரண்டுமே துடிக்கும். அதனால்தான் அந்தப் பார்வை அப்படிச் சுடுகிறது. தலையில் பூ வைத்த தொப்பி, பின்னால் சுழலும் கோடுகள். தன்னை அழகாகவோ இளமையாகவோ காட்ட எந்த முயற்சியும் இல்லை. அதே அருங்காட்சியகத்தில் 1909இல் ஓவியரும் தோழியுமான கப்ரியேலெ ம்யூன்டர் வரைந்த வெரெஃப்கினின் உருவமும் இருக்கிறது: மஞ்சள் பின்னணி, பெரிய பூத்தொப்பி, தோளைத் தாண்டித் திரும்பிப் பார்க்கும் களையான முகம். தோழி பார்த்த வெரெஃப்கினையும் அவர் தன்னைப் பார்த்ததையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவரைப் பற்றிய பல கட்டுரைகள் தராத ஒன்று கிடைக்கும்.

1908 கோடையில் வெரெஃப்கின், யாவ்லென்ஸ்கி, பிற்பாடு அருவ ஓவியத்தால் புகழ்பெற்ற ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, ம்யூன்டர் ஆகிய நால்வரும் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் உள்ள மூர்னாவ் என்ற சிற்றூரில் சேர்ந்து தங்கி வரைந்தார்கள். நவீன ஓவியத்தின் வரலாற்றில் இந்தக் கோடை தவறாமல் வரும். காண்டின்ஸ்கியின் நிறங்கள் அங்கேதான் வெடித்தன. அடுத்த ஆண்டு ம்யூன்டர் அங்கே ஒரு வீடு வாங்கினார், ஊர்க்காரர்கள் அதை 'ரஷ்யர் வீடு' என்று அழைத்தார்கள். நால்வரில் யார் யாரிடமிருந்து என்ன கற்றார்கள் என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும் பிரான்சில் நடப்பதை நேரில் பார்த்து வந்தவர்கள், அதை அங்கே பேசினார்கள் என்பது உறுதி. ம்யூன்டர் யாவ்லென்ஸ்கியிடம் கற்றதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதும் உறுதி.

உறுதியில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் அது அடிக்கடி வருகிறது: அடையாளம் காணக்கூடிய உருவங்கள் இல்லாத அருவ ஓவியத்தைக் கண்டுபிடித்தது உண்மையில் வெரெஃப்கின்தான், காண்டின்ஸ்கி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது. வெரெஃப்கினின் குறிப்பேடுகள் 1905இல் முடிகின்றன; கலையில் ஆன்மிகத்தைப் பற்றிய காண்டின்ஸ்கியின் புகழ்பெற்ற நூல் 1911 இறுதியில் வருகிறது. இரண்டிலும் ஒத்த எண்ணங்கள் பல உண்டு. இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே வரவேற்பறையில் உட்கார்ந்து பேசியவர்கள். அந்தப் பேச்சு காண்டின்ஸ்கிக்குப் பயன்பட்டிருக்காது என்று நினைப்பதுதான் கடினம். ஆனால் அந்த எண்ணங்கள் அன்றைய ஐரோப்பாவில் பலரிடமும் உலவியவை. குறியீட்டுக் கவிஞர்களிடமும் இருந்தன. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைக் காகிதத்தில் காட்ட முடியாது. இன்னொன்று, வெரெஃப்கின் ஒருபோதும் அருவ ஓவியம் வரையவில்லை. அதில் அவருக்கு விருப்பமும் இல்லை. செய்யாத ஒன்றுக்குப் பாராட்டு வாங்கித் தருவது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

1909இல் இந்த வட்டம் 'மியூனிக் புதிய கலைஞர் சங்கம்' என்று முறையாகப் பதிவானது. காண்டின்ஸ்கி தலைவர், யாவ்லென்ஸ்கி துணைத் தலைவர். வெரெஃப்கினுக்குப் பதவி இல்லாவிட்டாலும், அந்த எண்ணம் உருவானதே கீஸெலா தெரு வீட்டில்தான். 1909 டிசம்பரில் தான்ஹவுசர் காட்சிக்கூடத்தில் முதல் கண்காட்சி. பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 1911 டிசம்பரில் காண்டின்ஸ்கியின் ஒரு பெரிய ஓவியத்தைச் சங்கத்தின் தேர்வுக்குழு நிராகரித்தது. காண்டின்ஸ்கி, ம்யூன்டர், ஃபிரான்ஸ் மார்க் ஆகியோர் வெளியேறி, சில நாட்களிலேயே 'நீலக் குதிரைவீரன்' என்ற பெயரில் தனிக் கண்காட்சி நடத்தினார்கள். வெரெஃப்கினும் யாவ்லென்ஸ்கியும் காண்டின்ஸ்கி பக்கம் பேசினார்கள், ஆனால் உடனே வெளியேறவில்லை. அடுத்த ஆண்டுதான் சங்கத்தை விட்டார்கள். அந்தத் தாமதத்துக்கு வெரெஃப்கின் பெரிய விலை கொடுத்தார் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகங்கள் 1911 டிசம்பர் கண்காட்சியிலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன, அந்தச் சுவர்களில் அவர் இல்லை. பிறகு 1913இல் பெர்லினில் அந்தக் குழுவோடு அவருடைய ஓவியங்களும் வைக்கப்பட்டன.

இடையில் அவர் லித்துவேனியாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். தம்பி பியோத்தர் அங்கே ஆளுநர். 1914இல் வரைந்த 'வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) காவல் சாவடி' அந்தப் பயணத்தின் பலன். ஆளுநரின் அக்கா வரைந்தது காவல்காரன் நிற்கும் தெருமூலையை. போர் தொடங்குவதற்குச் சற்று முன் மியூனிக் திரும்பினார், திரும்பியதும் போர். ரஷ்யக் குடிமக்கள் ஜெர்மனியை உடனே விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வீடு, ஓவியங்கள், சாமான்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெரெஃப்கின், யாவ்லென்ஸ்கி, ஹெலெனெ, ஆண்ரேயாஸ் நால்வரும் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். முதலில் ஜெனீவா ஏரிக்கரையில் சேன்-பிரெ, பிறகு சூரிச், 1918இல் இத்தாலிய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள அஸ்கோனா. போரில் ஓய்வூதியம் குறைந்தது. 1917 புரட்சியோடு முழுதாக நின்றது. பிறந்தது முதல் பணத்தைப் பற்றி நினைக்கத் தேவையில்லாமல் வாழ்ந்தவர், 57 வயதில் கையில் ஒன்றும் இல்லாத அகதி.

1921இல் யாவ்லென்ஸ்கி வீஸ்பாடன் நகருக்குப் போனார். அங்கே அவருடைய ஓவியங்கள் விற்கத் தொடங்கியிருந்தன. அடுத்த ஆண்டு ஹெலெனெவைத் திருமணம் செய்துகொண்டார். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு உறவு அதோடு முடிந்தது. வெரெஃப்கினுக்கு அது ஆறாத காயம். ஆனால் அதோடு அவர் கதையும் முடிந்தது போல எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இதற்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் அவர் வரைந்தார். சுவரொட்டியும் அஞ்சலட்டையும் வரைந்து பிழைத்தார், கட்டுரை எழுதினார். 1922இல் அஸ்கோனாவில் நகராட்சி அருங்காட்சியகம் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1924இல் ஏழு ஓவியர்கள் சேர்ந்து 'பெருங்கரடி' என்ற குழுவைத் தொடங்கினார்கள். நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்கிற அந்த நட்சத்திரக் கூட்டத்திலும் ஏழு என்பதால் அந்தப் பெயர். ஏழு பேரில் அவர் ஒருவர்தான் பெண். மீனவர்கள், கந்தல் பொறுக்குகிறவர், மலைக்கு அடியில் நடந்து போகிற முதியவர்கள் என்று அந்த ஊரின் ஏழைகள் அவர் ஓவியங்களுக்குள் வந்தார்கள். ஊர்மக்கள் அவரை 'அஸ்கோனாவின் பாட்டி' என்று அழைத்தார்கள். 1938 பிப்ரவரி 6ஆம் தேதி அங்கேயே இறந்தார். ரஷ்ய மரபுவழித் திருச்சபை முறைப்படி அடக்கம் நடந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் பெயர் பரவவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பெண் என்பதால் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, அதுவும் சேர்ந்துதான் என்றாலும். யாவ்லென்ஸ்கிக்குக் கால்கா ஷையர் என்ற ஒரு பெண்மணி கிடைத்தார். அவர் ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய், பிறகு அமெரிக்காவிலும் அறிமுகம் செய்தார். வெரெஃப்கினுக்கு அப்படி ஒருவர் இல்லை. வசதியாக இருந்த காலத்தில் அவருக்கு விற்க வேண்டிய தேவை இல்லை, தேவை வந்தபோது வாங்க ஆள் இல்லை. ஆகவே ஓவியங்கள் சந்தைக்கு அதிகம் வராமல் பெரும்பகுதி அஸ்கோனாவிலேயே தங்கிவிட்டன; இன்று அவர் பெயரிலான அறக்கட்டளை அவற்றையும் ஏராளமான வரைவேடுகளையும் பாதுகாக்கிறது. காகிதத்தில், அட்டையில் டெம்பராவால் வரைந்தவை என்பதால் வெளிச்சமும் ஈரமும் பட்டால் கெட்டுப்போகும். அடிக்கடி வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்ப முடியாது. ஓவியத்தை நேரில் பார்க்காத உலகம் ஓவியரின் காதல் கதையைத்தான் பேசும். 1950களின் இறுதியில் வீஸ்பாடன் அருங்காட்சியக இயக்குநர் கிளெமென்ஸ் வைலர் அவரை மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தார். குறிப்பேடுகளின் பகுதிகள் அச்சானதும் அவரால்தான்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பதில்: யாவ்லென்ஸ்கி அவரிடம் நன்றியோடு நடந்துகொள்ளவில்லை, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளை அவர் திருடியதாக நான் எண்ணவில்லை. மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால், வாழ்க்கை வரலாற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ரேப்பினிடம் படித்த காலத்தில் அவர் வரைந்த எண்ணெய் ஓவியம் ஏதாவது ஒன்றையும், 1907இன் பள்ளிப் பிள்ளைகளையும், 1914இன் காவல் சாவடியையும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் இணையத்தில் நல்ல தெளிவோடு கிடைக்கின்றன. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் எவ்வளவு யோசனை நடந்திருக்க வேண்டும் என்று பார்த்த பிறகு எழுதுங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்.